அளவு நோட்டு

மே மாதம் மால்ஹாஸின் இடுப்பு
தொண்ணூற்றெட்டு சென்டிமீட்டர்.
பால் கணக்கு எழுதும் அதே நோட்டில் குறித்திருக்கிறேன்.
ஜூலையில் எண்பத்து நான்கு.
செப்டம்பரில் எண்ணை உரக்கச் சொல்லவில்லை.
வாயில் குண்டூசிகள் இருந்தது வசதியாகப் போயிற்று.

குட்டாய்ஸியில், ரியோனி ஆற்றுக்கு இந்தப் பக்கம்,
மூடிக்கிடந்த லாரித் தொழிற்சாலையைச்
சைபீரியா ஆக்கியிருந்தார்கள்.
பனி, உப்பும் காகிதக் கூழும்.
முள்வேலி, சாயமடித்த ரப்பர்,
யார் கையும் கிழியக் கூடாதென்று.
பசி மட்டும் அசல்.

"பசியைப் பொய்யாகச் செய்ய முடியாது, சியாலா."
முடியும் என்றேன்.
கோட்டை இரண்டு அளவு பெரிதாக வெட்டினால் போதும்.
தோள் தையலை நான்கு விரல் இறக்கினால்
எந்த ஆம்பிளையும் பாதியாகிவிடுவான்.
காலரைத் தளர்த்திவிட்டால்
கழுத்து தானாகக் கோழிக் கழுத்து.
முப்பது வருடமாகக் கொழுத்தவர்களைப்
பட்டினி போட்டு வருகிறேன்,
ஒருவருக்கும் வயிறு வலித்ததில்லை.

சிரித்தார்.
பல் மட்டும் பழைய அளவிலேயே இருந்தது.

மத்தியானம் லமாரா வருவாள்.
அக்ரூட் விழுது தடவிச் சுருட்டிய கத்தரிக்காய்
ஒரு டப்பா நிறைய.
புருஷனிடம் போகமாட்டாள்,
என் தையல் மேசையில் வைப்பாள்.
"கேட்டால் கொடுங்கள்."
அவர் கேட்டதில்லை.
நான் தின்றேன்.
அந்த வருடம் என் பாவாடைகளையும் பிரித்துத் தைத்தேன்.

வீட்டில் பேர் சொன்னால் திரும்புவதில்லையாம்.
எண்ணைச் சொன்னால் எழுந்து நிற்கிறாராம்.
மகனுக்கு அது விளையாட்டு:
எழுநூற்றுப் பதினான்கு என்று கத்திவிட்டுக்
கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வான்.
ஒருநாள் அங்கிருந்து பார்த்திருக்கிறான்,
அப்பாவின் இரண்டு கால்கள்
உட்காராமலே நின்றுகொண்டிருந்ததை.
வெளியே இழுக்க ஒரு மணி நேரம் ஆயிற்றாம்.

கூடு விட்டுக் கூடு பாய்கிறவனை
எல்லோரும் மெச்சுகிறார்கள்.
விட்டுப்போன கூட்டுக்கு
யார் ஈ ஓட்டுவது?

சூப் காட்சி நவம்பரில்.
கைதி பாய வேண்டும்,
நாக்கு வெந்தாலும் அள்ளிக் குடிக்க வேண்டும்.
மால்ஹாஸ் கிண்ணத்தை வெகுநேரம் பார்த்தார்,
தெரியாத ஊரின் வரைபடம்போல.
இரண்டு வாய்.
பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு
உப்புப் பனியின்மேல் அத்தனையும் கக்கினார்.
மூன்று தடவை எடுத்தார்கள்.
மூன்று தடவையும் அதே.
"பசி மாதிரியே இல்லையே" என்றார் ஒளிப்பதிவாளர்,
தனக்குள்தான்; ஆனால் கொட்டகைக்கு எதிரொலி உண்டு.

கும்பலில் நின்ற கோச்சாவைக் கூப்பிட்டார்கள்,
டயர் ஒட்டுகிறவன், காலையில்
இரண்டு சீஸ் ரொட்டி முடித்து வந்தவன்.
கையும் தாடையும் மட்டும் போதுமாம்.
கோட்டு பற்றவில்லை.
முதுகைக் கிழித்துப் போட்டுவிட்டு
பின்னால் குந்தி நான் பிடித்துக்கொண்டேன்.
அவன் குடித்த குடியில்
விளக்குப் பையன்கூட எச்சில் விழுங்கினான்.

எப்படி, என்று கேட்டார் மால்ஹாஸ்.
"மாமியார் தட்டைப் பிடுங்கப்போகிறாள்
என்று நினைத்துக்கொண்டேன், ஐயா."

நான் சொன்னதுதான் சரி என்று
இங்கேயே முடித்துவிடலாம்.
ஆனால் படத்தில் ஓரிடம்:
பலகையில் உட்காரப் போகிறவர்
எலும்பு மரத்தில் படும் முன்
கையை ஊன்றிக்கொள்கிறார்.
யாரும் சொல்லித்தரவில்லை.
இமைக்கிற நேரம்கூட இல்லை.
அதை என்னால் தைக்க முடியாது.

அதற்கு இந்த விலையா?
தெரியவில்லை. நோட்டில்
டிசம்பருக்கு நேரே காலியாக இருக்கிறது.
வரச் சொல்லி ஆளனுப்பினேன். லமாரா வந்தாள்,
மே மாதத்துக் கால்சட்டை ஐந்தோடு.
எல்லாவற்றையும் சிறிதாக்கித் தரச் சொன்னாள்.

வேண்டாம் என்றேன். அப்படியே மாட்டிவையுங்கள்.
போனவர் திரும்பி வந்தால்
போட்டுக்கொள்ள எதுவாவது வேண்டாமா.